எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை: ஒரு வழிபாட்டு வாழ்வு

1858ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சென்னை மயிலாப்பூரில் ஆங்கிலத் திருச்சபையாரின் தூய தோமையார் ஆலயத்தில், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த தமிழ்ப் புலவர் ஒருவர் திருமுழுக்குப் பெற்றார். அவருக்கு முப்பத்தோராம் அகவை நிறைய ஐந்தே நாள்கள் எஞ்சியிருந்தன. ஹென்றி ஆல்பிரட் என்னும் புதுப்பெயர் அன்று அவருக்குச் சூட்டப்பெற்றது. பெற்றோர் இட்ட திருமாலின் பெயரையும் அவர் விட்டுவிடவில்லை. இரண்டும் இணைந்து எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை எனத் தமிழுலகில் நிலைபெற்றன.

இலக்கிய வரலாற்று நூல்கள் இவரைப் பற்றிக் கூறுவன பெரும்பாலும் மூன்று செய்திகளே. வைணவராகப் பிறந்தார், கிறித்தவரானார், இரட்சணிய யாத்திரிகம் பாடிக் கிறித்தவக் கம்பர் எனப் பெயர் பெற்றார். திருமுழுக்குப் பெற்ற நாளுக்கும் காப்பியம் இதழில் வெளிவரத் தொடங்கிய ஆண்டுக்கும் இடையே இருபது ஆண்டுகள் கிடக்கின்றன. அவ்விருபது ஆண்டுகளை வரலாற்று நூல்கள் ஒரு முற்றுப்புள்ளியில் தாண்டிச் செல்கின்றன. சமயம் மாறுவதற்கு ஒரு நாள் போதும். மாறிய சமயத்தில் வேரூன்றி, அதன் கடவுளைத் தன் தாய்மொழியில் தயங்காது அழைக்க ஒரு மனிதனுக்கு எத்துணைக் காலம் வேண்டும் என்பதற்குக் கிருஷ்ணபிள்ளையின் வாழ்வைப் போல் தெளிவான சான்று தமிழில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

இவர் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் சிற்றூரில் சங்கரநாராயண பிள்ளைக்கும் தெய்வநாயகி அம்மைக்கும் மகனாகப் பிறந்தார். வைணவ வேளாளர் குடி. தந்தையார் கம்பராமாயணத்தில் ஊறியவர். ஊரார் கூடியிருந்து கேட்க அதனை விரித்துரைக்கும் ஆற்றல் வாய்ந்தவர். பிள்ளைப் பருவத்திலேயே கம்பனின் சந்தங்கள் மகனின் செவியில் விழுந்தன. பொருள் விளங்குமுன் ஓசை படிந்துவிட்ட செவி அது. பின்னர்த் திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்றுப் புலமை பெற்றார்.

தாமிரபரணி பாயும் அந்நிலப்பகுதி நம்மாழ்வார் பிறந்த மண். ஆழ்வார்திருநகரியும் அதனை உள்ளிட்ட ஒன்பது திருப்பதிகளும் அப்பகுதி வைணவர்க்கு நாள்தோறும் நினைவில் இருந்தவை. வைணவ இல்லத்தில் பிறந்த குழந்தைக்கு வழிபாடு என்பது தனியே கற்றுத்தரப்படும் பாடம் அன்று. நீராடுதல், திருமண் இடுதல், விளக்கேற்றுதல், உண்ணுமுன் இறைவனுக்குப் படைத்தல் என அது உடலோடு வளரும் பழக்கம். நித்தியாநுசந்தானம் என வைணவர் தொகுத்து வைத்திருக்கும் ஓதற்றொகுதியில் திருப்பல்லாண்டும் திருப்பள்ளியெழுச்சியும் திருப்பாவையும் கண்ணிநுண்சிறுத்தாம்பும் இடம்பெறுகின்றன. மனம் கலங்கிய பொழுதும் நாப் பிறழாமல் ஓதும். நா ஓத ஓத மனம் திரும்பி வந்து சேரும். நாள் வழிபாட்டின் பயன் இதுவே என்பதை ஆழ்வார்களின் மரபு நன்கு அறிந்திருந்தது. கிருஷ்ணபிள்ளை பிற்காலத்தில் எவற்றை விட்டாரோ, அவற்றுள் இப்பழக்கம் ஒன்றை மட்டும் அவர் விடவே இல்லை எனலாம். அதற்குரிய சொற்கள்தாம் மாற வேண்டியிருந்தன.

அவர் இளைஞராக இருந்த காலத்தில் திருநெல்வேலிச் சீமை சமயப் பூசலால் கொந்தளித்துக் கொண்டிருந்தது. சிற்றூர்கள் பல கூட்டம் கூட்டமாகக் கிறித்தவத்தில் சேர்ந்தன. அதனை எதிர்த்து 1840களில் விபூதிச் சங்கம் எழுந்தது. இரு தரப்பிலும் துண்டு வெளியீடுகள் பறந்தன, அடிதடிகளும் நடந்தன. கற்றறிந்த வேளாளர் குடியினர் பலர் புதிய சமயத்தை ஐயத்தோடும் இகழ்ச்சியோடுமே நோக்கினர். இளம்புலவர் கிருஷ்ணபிள்ளையும் அதே நோக்கினராகவே இருந்தார்.

வயிற்றுப்பாடு அவரை வேறு திசைக்கு இழுத்தது. ஜி.யு. போப் தொடங்கிய சாயர்புரம் குருமடத்தில் தமிழாசிரியர் பணிக்கு 1853ஆம் ஆண்டில் ஆள் தேடினர். கால்டுவெல் முன்னிலையில் நடந்த தேர்வில் கிருஷ்ணபிள்ளை வென்று அப்பணியில் அமர்ந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவருவதற்கு மூன்றாண்டுகள் முன்னதாக அதன் ஆசிரியர் தேர்ந்தெடுத்த தமிழ்ப்புலவர் இவர் என்பது தமிழ் பயில்வோர்க்குச் சுவையான செய்தி.

கிறித்தவ மாணவர்க்கு வைணவர் ஒருவர் தமிழ் கற்பித்தார். நன்னூலும் குறளும் அவர் வாயால் மாணவர் செவிக்குச் சென்றன. மாணவர்களின் வேண்டுதல்கள் அவர் செவிக்கு வந்தன. ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டு நூலில் காலை வேண்டுதல், மாலை வேண்டுதல் என நாளுக்கு இருமுறை ஒழுங்கு உண்டு. நூற்றைம்பது சங்கீதங்களும் முப்பது நாள்களுக்குப் பகுக்கப்பட்டுக் காலைக்கும் மாலைக்கும் உரியனவாக அந்நூலில் அமைந்துள்ளன. திங்கள் ஒன்று முடியும்போது சங்கீதநூல் முழுவதும் ஓதி முடியும். மறுதிங்கள் முதல் நாளில் மீண்டும் முதற்சங்கீதம் தொடங்கும். திருநெல்வேலியின் கிறித்தவச் சிற்றூர்களிலும் பொழுது சாய்ந்ததும் கோயில் மணி ஒலிக்க, வேலை முடிந்து திரும்பியோர் கூடி வேண்டுதல் செய்வது வழக்கமாயிருந்தது. நித்தியாநுசந்தானத்தில் வளர்ந்த ஒருவர்க்கு இவ்வொழுங்கு அயலானதாகத் தோன்றியிருக்க இயலாது. அயலாக ஒலித்தது அதன் தமிழ்.

அக்காலக் கிறித்தவர் கையாண்ட வேதாகமத் தமிழ், பதினெட்டாம் நூற்றாண்டில் பப்ரிசியசு செய்த மொழிபெயர்ப்பும் அதனைத் திருத்த முயன்ற இரேனியசு முதலியோரின் உரைநடையும் ஆகும். பப்ரிசியசின் மொழியில் ஆழ்ந்த பத்தி உண்டு. சொல்லுக்குச் சொல் மூலத்தை விடாது பற்றும் நேர்மையும் உண்டு. தொடரமைப்போ செந்தமிழ்ச் செவிக்கு முரணானது. கம்பனைக் கற்ற பண்டிதர் பலர் அதனைக் கேட்டு நகைத்தனர். இந்நகைப்பைப் புலமைச் செருக்கு என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. வழிபாட்டில் சொல் இடறினால் மனமும் இடறும். தமிழ்க் கடவுளர் எல்லாரும் ஆயிரம் ஆண்டுகளாகச் சிறந்த தமிழில் வாழ்த்தப்பெற்றிருந்தனர். புதிதாக வந்த கடவுளை எந்தத் தமிழில் அழைப்பது என்னும் வினாவிற்கு அன்று தென்பாண்டிச் சீர்திருத்தச் சபையில் புலவரும் ஏற்கும் விடை இல்லை.

சாயர்புரத்தில் இருந்த ஆண்டுகளில் அவர் உள்ளம் மெல்ல மாறியது. இடிமுழக்கம் போன்ற நிகழ்ச்சி எதுவும் அதற்குக் காரணம் அன்று. நூல்கள், நண்பர், இரவு நேரத் தனிமை ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. தனுக்கோடி ராஜு என்னும் நண்பர் அவரோடு உரையாடியும் நூல்களைக் கொடுத்தும் துணைநின்றார். தம்பி முத்தையா பிள்ளையும் கிறித்துவின்பால் ஈர்க்கப்பட்டார். கிருஷ்ணபிள்ளை படித்தவற்றுள் ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையும் ஒன்று. தன் பாவத்தின் சுமையை முதுகில் சுமந்துகொண்டு, அழியவிருக்கும் ஊரைவிட்டு மனைவி மக்களையும் பிரிந்து ஒருவன் ஓடுகிறான் என்பது அக்கதையின் தொடக்கம். சாயர்புரத்துத் தமிழாசிரியர் தம் நிலையை அதில் கண்டுகொண்டதில் வியப்பில்லை.

பின்னர் அவர் சென்னை சென்றார். பெர்சிவல் நடத்திய தினவர்த்தமானி இதழில் துணையாசிரியராகவும், மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராகவும் பணிசெய்தார். ஊரையும் உறவையும் விட்டு நெடுந்தொலைவில் திருமுழுக்குப் பெற்றார். வேளாளர் குடியில் ஒருவர் கிறித்தவராவது அன்று எளிய செய்தி அன்று. ஒரு பந்தியில் உணவு, பெண் கொடுத்தல் வாங்கல், இறந்தார்க்குச் செய்யும் கடன் ஆகிய அனைத்தும் ஒரே நாளில் அறுபடும். மூத்த மகன் கடன் செய்யாவிடில் தந்தைக்கும் தாய்க்கும் கதி என்ன என்னும் அச்சம் இல்லத்தாரைப் பிடித்தாட்டும். மனைவியும் மக்களும் அவர் வழியில் வந்து சேர்ந்தது பின்னரே.

உறவின் இழப்பைப் பலரும் எழுதியுள்ளனர். சொல்லின் இழப்பை எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. திருமுழுக்குக்கு முந்திய நாள்வரை அவர் நாவில் ஆழ்வார்களும் கம்பரும் இருந்தனர். விடியலில் சொல்ல ஒரு பாட்டு, துயரில் சொல்ல ஒரு பாட்டு, உறங்குமுன் சொல்ல ஒரு பாட்டு என முப்பது ஆண்டுச் சேமிப்பு. மறுநாள் காலையில் அவற்றுள் ஒன்றையும் அவர் சொல்ல இயலாது. சொற்சுவை அறியாதவர்க்கு இது பெரிய இழப்பாகத் தோன்றாமல் இருக்கலாம். புலவர் ஒருவர்க்கு இது பட்டினி.

பிற சபைகளில் நிலைமை வேறாக இருந்தது. கத்தோலிக்கர்க்கு வீரமாமுனிவர் தேம்பாவணியைத் தந்திருந்தார். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையில் கத்தோலிக்கப் புலவர் மரபு ஒன்று தழைத்திருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட புதுவைச் சவராயலு நாயகர் கிருஷ்ணபிள்ளைக்கு இரண்டாண்டே இளையவர். தஞ்சையில் லுத்தர் சபையின் வேதநாயக சாஸ்திரியார், நாள் முழுவதையும் பாட்டால் நிரப்பும் அளவிற்குக் கீர்த்தனைகளையும் செபமாலையையும் இயற்றியிருந்தார். பாளையங்கோட்டையில் பிறந்த அவர் 1864ஆம் ஆண்டில் மறைந்தபோது, கிருஷ்ணபிள்ளை திருமுழுக்குப் பெற்று ஆறாண்டுகள் ஆகியிருந்தன. சாஸ்திரியாரின் இசைப்பாட்டு நெறி மக்கள் நெறி. கூடிப் பாடுதற்கு உரியது. விருத்தப்பாவில் பயின்ற கிருஷ்ணபிள்ளையின் நாவிற்கு வேறு ஒன்று தேவைப்பட்டது. அதனை அவரே செய்துகொள்ள வேண்டியிருந்தது.

சென்னையிலிருந்து திரும்பி மீண்டும் சாயர்புரம், பின்னர்ப் பாளையங்கோட்டைத் திருச்சபைக் கல்வி நிலையம் என அவர் வாழ்க்கை ஆசிரியப் பணியிலேயே சென்றது. வகுப்பறை, மாணவர்க்கான பாடநூல், பழைய தமிழ் நூல்களிலிருந்து அறக்கருத்துகளைத் திரட்டிய காவிய தர்ம சங்கிரகம் என்னும் தொகுப்பு, இலக்கண நூல் ஆகியவை அக்காலத்தின் வெளிப்படையான விளைவுகள். பெருங்காப்பியம் எதற்கும் அறிகுறி இல்லை. ஆனால் திருச்சபையின் நாளொழுங்கு அவரைச் சுற்றி நாள்தோறும் நடந்துகொண்டிருந்தது. அவ்வொழுங்கைக் கைக்கொள்ளும் ஒருவர் இருபது ஆண்டுகளில் சங்கீதநூலை இருநூற்று நாற்பது முறை ஓதி முடிப்பார். தாவீதின் புலம்பலும் நன்றியும் பகைவர்மேல் சினமும் விடியற்கால ஏக்கமும் ஓதுவார் உள்ளத்தில் இரண்டாம் இயல்பாகப் படியும். திருவாய்மொழி நம்மாழ்வார்க்கு அடியவர் உள்ளத்தில் செய்தது இதுவே.

அதே ஆண்டுகளில் தமிழ் வேதாகமமும் மாறிக்கொண்டிருந்தது. பவர் தலைமையில் அமைந்த குழு, தமிழறிஞர் துணையோடு மொழிபெயர்ப்பைத் திருத்தி 1871ஆம் ஆண்டில் முழு வேதாகமத்தை வெளியிட்டது. சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தைப் பதிப்பித்த அதே பவர் இவர். புதிய மொழிபெயர்ப்பின் ஓசை செவிக்கு இணக்கமாயிற்று. இன்றும் சீர்திருத்தச் சபையார் பலர் இல்லங்களில் நாள்தோறும் ஓதுவது இதன் வழிவந்த தமிழே. கிருஷ்ணபிள்ளையின் தலைமுறை, பழைய மொழியில் நம்பத் தொடங்கிப் புதிய மொழியில் வேண்டப் பழகிய தலைமுறை ஆகும்.

1878ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையிலிருந்து வந்த நற்போதகம் என்னும் திங்களிதழில் இரட்சணிய யாத்திரிகம் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கிற்று. பனியனின் நூல் இலண்டனில் முதன்முதல் அச்சான 1678ஆம் ஆண்டிற்குச் சரியாக இருநூறு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதே 1878ஆம் ஆண்டில் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளும் வெளிவந்தன. மூலக்குளத்தார் நன்கறிந்த வில்லியனூர் லூர்து மாதா திருத்தலம் எழுந்ததும் இக்காலத்தை ஒட்டியே. கிறித்தவம் தமிழ் மண்ணில் தன் வழிபாட்டிற்குத் தமிழ் வடிவங்களை நாடிய காலமாக அது விளங்கிற்று.

காப்பியம் இதழில் நிறைவுற ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. ஐந்து பருவங்கள், நாற்பத்தேழு படலங்கள், 3,700க்கும் மேற்பட்ட பாடல்கள் என்னும் அளவைப் பதின்மூன்று ஆண்டின் நாள்களால் வகுத்துப் பார்த்தால், ஐந்து நாளுக்கு நான்கு பாடல் என்னும் சராசரி கிடைக்கிறது. பாடுவோர் இக்கணக்கைச் சற்றே நின்று எண்ண வேண்டும். ஊற்றுப்போல் ஓரிரவில் பொங்கிய காவியம் அன்று இது. திங்கள்தோறும் அச்சகம் காத்திருக்க, வகுப்பறை முடிந்து வந்து, உடல்நலம் இருந்த நாளிலும் இல்லாத நாளிலும் எழுதப்பெற்றது. வேண்டுதலுக்குரிய ஒழுங்கே எழுத்துக்கும் ஒழுங்காயிற்று. இரண்டையும் அவர் பிரித்துப் பார்த்திருப்பாரா என்பதே ஐயம்.

கதையின் அமைப்பும் நாளொழுக்கத்தையே பொருளாகக் கொண்டது. ஆத்தும விசாரி நாசபுரியைவிட்டுப் புறப்படுகிறான். சிலுவையின் முன் சுமை கழன்று விழுகிறது. மீட்பு அந்த இடத்திலேயே கிடைத்துவிடுகிறது என்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். பனியன் முடிக்கவில்லை; வழியின் பெரும்பகுதி அதற்குப் பின்னரே வருகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் பெட்போர்டு சிறையில் கிடந்த பனியனுக்கும், இருபது ஆண்டுகள் சொல்லின்றித் தவித்த கிருஷ்ணபிள்ளைக்கும் இது தம் வாழ்வால் அறிந்த உண்மை.

பனியனின் கதையில் வரும் சில காட்சிகள் வழிபாட்டு வாழ்வின் நுட்பம் அறிந்தவரால் மட்டுமே புனையக்கூடியவை. சுமை நீங்கிய பயணி ஒரு குன்றின் நடுவே நிழற்கொடியின் கீழ் இளைப்பாற அமர்கிறான், உறங்கிவிடுகிறான், கையிலிருந்த சுருள் நழுவி விழுந்துவிடுகிறது. நெடுந்தொலைவு சென்ற பின்னரே இழப்பை உணர்ந்து, வந்த வழியே அழுதுகொண்டு திரும்பி நடக்கிறான். ஒருமுறை நடக்க வேண்டிய வழியை மும்முறை நடக்க நேர்கிறது. நாள் வேண்டுதலை ஒருநாள் விட்டு, அது ஒரு கிழமையாகி, பின்னர் மீளத் தொடங்குவோர் யாவரும் இந்த மும்மடங்கு நடையை அறிவர். பெரும்பாவம் எதுவும் நேர்ந்துவிடவில்லை. உறக்கம் மட்டுமே நேர்ந்தது.

மற்றொரு காட்சியில் சுவரோரம் தீ எரிகிறது. ஒருவன் இடைவிடாது அதன்மேல் நீரூற்றுகிறான். தீயோ மேலும் ஓங்குகிறது. சுவரின் மறுபுறம் சென்று பார்த்தால், கிறித்து மறைவாக நின்று எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறார். மறைவில் நிகழ்வதே வெளியில் எரிவதைக் காக்கிறது. இயேசுபிரான் பொழுது விடியுமுன் எழுந்து தனியிடம் சென்று வேண்டினார் என்னும் நற்செய்திக் குறிப்பும், தானியேல் நாளுக்கு மும்முறை முழந்தாளிட்டதும் இக்காட்சியின் பின்னே நிற்பவை. சாவின் நிழற் பள்ளத்தாக்கில் பயணியின் வாள் பயன்படாமற் போகிறது. இடைவிடா வேண்டுதல் என்னும் மற்றொரு படைக்கலமே அங்கு உதவுகிறது. ஐயக் கோட்டையின் சிறையில் நள்ளிரவு முதல் விடியும்வரை வேண்டிய பின்னரே, கதவைத் திறக்கும் சாவி தன் நெஞ்சருகில் இத்தனை நாளும் இருந்தது பயணிக்கு நினைவுக்கு வருகிறது.

இக்கதையை அப்படியே பெயர்த்து எழுதியிருந்தால் கிருஷ்ணபிள்ளை மொழிபெயர்ப்பாளராக நின்றிருப்பார். அவர் புதிதாகச் சேர்த்தவை இரண்டு. ஒன்று, இரட்சணிய சரிதப் படலம். பனியனில் சிலுவை ஒரு காட்சி மட்டுமே. பயணி அதனைக் காண்கிறான், சுமை விழுகிறது. கிருஷ்ணபிள்ளையோ கிறித்துவின் பாடுகளை முழுமையாக விரித்துப் பாடுகிறார். கம்பனின் விருத்தங்கள் இங்கே துயரத்தைச் சுமந்து நடக்கின்றன. தமிழ்ப் பாடநூல்களில் இப்பகுதி அடிக்கடி இடம்பெறுவதற்கு அதன் கவிதை வளமே காரணம்.

மற்றொன்று, காப்பியத்தின் இடையிடையே வரும் தேவாரங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட இப்பாடல்கள் பின்னர் இரட்சணிய தேவாரம் என்றே வழங்கலாயின. வைணவர் குடியில் பிறந்தவர் தம் வேண்டுதற் பாடல்களுக்குச் சைவரின் தேவாரப் பெயரையும் பதிக அமைப்பையும் எடுத்துக்கொண்டது ஏன் என்னும் வினா எழுதல் இயல்பு. காப்பியம் கேட்டற்குரியது, தேவாரமோ கோயிலில் ஓதுவார் நாள்தோறும் பாடுவது. கதை நின்று வேண்டுதல் தொடங்கும் இடம் இது எனத் தமிழ்ச் செவிக்கு உடனே உணர்த்தவல்ல பெயர் வேறில்லை. பிறப்பால் தமக்குரிய ஆழ்வார் மரபின் பெயரை நாடாமல் இதனைத் தெரிந்தெடுத்ததில், பழைய வழிபாட்டின் நினைவு புதியதில் குழம்பிவிடக் கூடாதென்னும் விழிப்பும் இருந்திருக்கலாம்.

கிறித்தவக் கம்பர் என்னும் பட்டம் அவர் பெருமையைப் பாதிதான் சொல்கிறது. கம்பனின் யாப்பும் உவமையும் நாட்டு வருணனையும் அவரிடம் உண்டு. அவற்றில் அவர் கம்பனை எட்டாத இடங்களும் பல உண்டு. இறையியல் விளக்கம் நீளும் படலங்களில் நடை தளர்கிறது; வடசொற் பெருக்கு வாசகரைக் களைப்பிக்கிறது. உருவகப் பெயர்கள் அடுக்கடுக்காக வருமிடங்களில் மாந்தர் மறைந்து கருத்துகளே பேசுகின்றன. தேவாரப் பகுதி வந்ததும் இவை யாவும் அகன்றுவிடுகின்றன. பாடுபவர்க்கும் பாடப்படுபவர்க்கும் இடையே எவரும் இல்லை. இருபது ஆண்டுப் பட்டினி தீர்ந்த நாவின் பாட்டு அது. காப்பியத்திற்காகத் தேவாரம் எழுந்ததா, நாள் வேண்டுதலாக ஊறிய தேவாரத்தைத் தாங்குவதற்கே காப்பியம் எழுந்ததா என்று கேட்கத் தோன்றுமாயின், இரண்டாவதைச் சார்ந்தே விடை அமையும்.

அவருடைய பிற்கால வாழ்வு விரைவில் சொல்லக்கூடியது. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் சில ஆண்டுகள் தமிழ் கற்பித்தார். இதழில் வந்த காப்பியம் 1894ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. அப்போது அவருக்கு அகவை அறுபத்தேழு. நூல் வந்த பின்னரும் அவர் ஓயவில்லை. 1898ஆம் ஆண்டில் இரட்சணிய சமய நிர்ணயம் என்னும் உரைநடை நூல் வெளிவந்தது. சமயங்களை ஆராய்ந்து தாம் கிறித்தவத்தை ஏற்றதன் காரணங்களை நிறுவும் வாதநூல் அது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் தம் உற்றார்க்கு வாயால் சொல்ல இயலாதுபோன விடையை அவர் அதில் எழுதினார் எனக் கருத இடமுண்டு.

அடுத்த ஆண்டு, 1899இல், இரட்சணிய மனோகரம் வந்தது. வேண்டுதற் பாடல்களின் தொகுப்பாகிய இந்நூலில் காப்பியப் புலவரின் ஆரவாரம் இல்லை. இதன்கண் பால்ய பிரார்த்தனை என்னும் பகுதி ஒன்று அமைந்துள்ளது. எழுபத்திரண்டு அகவை முதியவர், குழந்தைகளின் நாவிற்கென வேண்டுதல் பாடிவைத்தார். கரையிருப்பில் தந்தையின் மடியருகே இருந்து பொருளறியாது ஓசையை உள்வாங்கிய சிறுவனுக்குக் கிடைத்த செல்வம், கிறித்தவ இல்லத்துக் குழந்தைக்கும் கிடைக்க வேண்டும் என்னும் எண்ணம் அப்பாடல்களில் தெரிகிறது. முப்பது அகவையில் சொல்லின்றி வெறுங்கையோடு தொடங்கும் நிலை தம் பின்னோர்க்கு நேராதிருக்க அவர் செய்த ஏற்பாடு அது.

மனோகரம் அச்சேறிய மறு ஆண்டே, 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், கிருஷ்ணபிள்ளை மறைந்தார். அவருடைய தேவாரங்களுள் ஒன்று திருச்சபையின் கீர்த்தனை நூலில் இடம்பெற்றது. அதனை இயற்றியவர் பெயர் அறியாத மூதாட்டியரும் அதனை மனப்பாடமாகப் பாடுகின்றனர்.